சொன்ன சூட்டில் நிறுத்துதல்: வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை நிறுவும் முறை

பிளாஸ்டிக் குடம், பிஸ்கட், சாயமிட்ட துணி, இரும்பு பீரோ என்று அன்றாடம் கைக்கு வரும் பொருள்களில் பல, உருவாகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் இருந்தாக வேண்டியவை. அந்தச் சூட்டை ஓயாமல் கண்காணித்து, வேண்டிய அளவிலேயே நிறுத்தி வைக்கும் பொறுப்பு, இயந்திரத்தின் பேனலில் உள்ளங்கை அகலத்தில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு கருவியிடம் விடப்படுகிறது. தொழிற்கூடங்களில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்றும், பாடநூல்களில் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி என்றும் வழங்கும் இக்கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஆனால், கருவி தரமானது என்பதனால் மட்டும் சூடு சரியாக அமைந்துவிடாது. உணரி நிற்கும் இடம், அதிலிருந்து வரும் கம்பியின் வகை, கருவிக்குள் பதியப்படும் எண்கள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான், திரையில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பவுடர் கோட்டிங் ஓவன். இரும்புப் பொருள்களின் மீது வண்ணப் பொடியை மின்னேற்றம் செய்து தெளித்து, பின்னர் அவற்றைச் சூடான அறைக்குள் வைத்தால், பொடி உருகிப் பரவி, வேதிமாற்றம் அடைந்து, கெட்டியான படலமாக ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 10 நிமிடம் தேவைப்படும். சூடு குறைந்தால் படலம் முழுமையாக இறுகாமல் எளிதில் உரிந்துவிடும். கூடினால் வெளிர் நிறங்கள் மஞ்சளாகும், பளபளப்பும் குறையும்.

உணரியும் அதன் கம்பியும்

இத்தகைய ஓவன்களில் சூட்டை அளக்கப் பெரும்பாலும் தெர்மோகப்பிள் என்ற உணரி பயன்படுகிறது. இருவேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும் என்பதே இதன் அடிப்படை. 1821இல் தாமஸ் யோகான் சீபெக் கண்ட விளைவு இது. தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் கே வகைத் தெர்மோகப்பிளில் குரோமெல், அலுமெல் என்ற இரு உலோகக் கலவைகள் உள்ளன. ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு இது தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட் மட்டுமே. 200 டிகிரி வேறுபாட்டுக்கும் 8 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். இவ்வளவு நுண்ணிய மின்னழுத்தத்தைச் சுமந்து வரும் கம்பி, 230 அல்லது 415 வோல்ட் மின்சாரம் ஓடும் கேபிள்களுடன் ஒரே குழாயில் செல்லுமானால், அவற்றின் தாக்கத்தால் திரையில் எண் நிலைகொள்ளாமல் துள்ளும். ஆகவே உணரிக் கம்பியைத் தனி வழியில் கொண்டுவந்து, அதன் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்துடன் இணைப்பது முறை.

தெர்மோகப்பிள் இரு முனைகளுக்கிடையிலான வேறுபாட்டையே காட்டுவதால், கட்டுப்படுத்தி தன் இணைப்பு முனையில் உள்ள சூட்டைத் தனியே அளந்து, அதனையும் கூட்டிக்கொண்டே உண்மையான வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு சரிவர வேண்டுமானால், உணரியிலிருந்து கட்டுப்படுத்தி வரையிலான தூரம் முழுவதும் சூட்டு வேறுபாட்டுக்கு அதே மின்னழுத்தத்தைத் தரும் காம்பன்சேட்டிங் கேபிளே செல்ல வேண்டும். அதற்குப் பதிலாகச் சாதாரணச் செம்புக் கம்பியைப் போட்டால் நேர்வது என்ன என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஓவன் சுவரின் வெளிப்புறத்தில் உள்ள உணரியின் தலைப்பெட்டி 70 டிகிரியிலும், பேனலின் உட்புறம் 35 டிகிரியிலும் இருந்தால், இடையிலுள்ள 35 டிகிரி கணக்கிலேயே வராமல் போகும். திரை 165 என்று காட்டும்போது ஓவன் ஏற்கெனவே 200இல் இருக்கும். திரையில் 200 வரட்டும் என்று கருவி சூடேற்றிக்கொண்டே போனால், உள்ளே சூடு 235ஐ எட்டிவிடும்.

கம்பிகளை மாற்றி இணைப்பது இதைவிடக் கடுமையான பிழை. கட்டுப்படுத்தியில் மட்டும் நேர், எதிர் முனைகள் மாறியிருந்தால், ஓவன் சூடாகச் சூடாகத் திரையில் எண் குறையும். இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இணைப்புக் கேபிள் தலைப்பெட்டியிலும் கட்டுப்படுத்தியிலும் ஆக இரண்டு இடங்களிலும் மாறியிருந்தால், எண் முறையாக ஏறுவதுபோலவே தோன்றும். பிழையோ மேற்சொன்ன வேறுபாட்டைப்போல் இருமடங்கு, அதாவது 70 டிகிரியாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பிக் கம்பியை அடையாளம் காண்பது இங்கே ஆபத்தானது. அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. பன்னாட்டு முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. சிவப்பை நேர்முனையாகக் கொண்டு பழகிய கைகள் முதல் வகைக் கேபிளில் தவறிவிடுவது இயல்பு. ஐயம் வந்தால் கே வகை உணரிக் கம்பியின் அருகே ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுசெல்லலாம். அலுமெல் காந்தத்தால் ஈர்க்கப்படும், குரோமெல் ஈர்க்கப்படாது. ஈர்க்கப்படும் கம்பியே எதிர்முனை.

உணரியின் நுனி எங்கே நிற்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. ஹீட்டருக்கு மிக அருகில் நின்றால் அது ஹீட்டரின் சூட்டையும், கதவோரத்தில் நின்றால் வெளியிலிருந்து புகும் காற்றின் சூட்டையும்தான் சொல்லும். மின்விசிறியால் கலக்கப்பட்ட காற்று, பொருள்கள் தொங்கும் பகுதியைக் கடந்து செல்லும் இடத்தில், உறையின் விட்டத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு நீளம் உள்ளே நீட்டியிருக்குமாறு அதனை வைப்பது நல்லது. அப்போதும் அது அளப்பது காற்றின் சூட்டைத்தான். தடித்த இரும்பு காற்றைவிட மெதுவாகவே சூடேறும் என்பதால், பொடி உற்பத்தியாளர் குறிப்பிடும் 10 நிமிடம் உலோகம் உரிய சூட்டை அடைந்த கணத்திலிருந்து எண்ணப்பட வேண்டும்.

பேனலும் மின்சுவிட்சும்

கட்டுப்படுத்திகள் உலகெங்கும் சில பொது அளவுகளில் செய்யப்படுகின்றன. முகப்பு 96க்கு 96 மில்லிமீட்டர் உள்ள கருவிக்குப் பேனலில் 92க்கு 92 மில்லிமீட்டர் துளையும், 48க்கு 48 உள்ளதற்கு 45க்கு 45 துளையும் வெட்டப்படும். துளையின் ஓரங்களை அரத்தால் மழித்து, இரும்புத் துகள்களை முழுவதும் அகற்றிய பின்னரே கருவியை நுழைக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு துகள் சர்க்யூட்டைக் கெடுக்கப் போதும். பேனல் ஓவன் சுவரில் ஒட்டியிருப்பதும், காற்றோட்டம் இல்லாமல் அடைபட்டிருப்பதும் கருவியின் ஆயுளைக் குறைக்கும்.

கட்டுப்படுத்தி தானே ஹீட்டருக்கு மின்சாரம் தருவதில்லை. தரச்சொல்லி ஒரு சுவிட்சுக்கு ஆணையிடுகிறது. அந்தச் சுவிட்ச் இரு வகைப்படும். கான்டாக்டர் என்பது காந்தவிசையால் மூடித் திறக்கும் உலோகத் தொடுமுனைகளைக் கொண்டது, எஸ்.எஸ்.ஆர். எனப்படும் சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகமே இல்லாமல் அரைக்கடத்தியால் இயங்குவது. கருவி 30 விழுக்காடு மின்திறன் தேவை என்று முடிவு செய்து, சுழற்சி நேரம் 20 வினாடி என்று பதியப்பட்டிருந்தால், 6 வினாடி ஹீட்டர் எரியும், 14 வினாடி அணைந்திருக்கும். எஸ்.எஸ்.ஆருக்கு இந்நேரத்தை 2 வினாடியாகக் குறைத்துச் சூட்டை இன்னும் சீராக்கலாம். அதையே கான்டாக்டருக்குப் பதிந்தால், மணிக்கு 1,800 முறை அது மூடித் திறக்க வேண்டிவரும். 10 லட்சம் முறை தாங்கக்கூடிய கான்டாக்டர்கூட சுமார் 555 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். 20 வினாடி என்று பதிந்திருந்தால் அதே கான்டாக்டர் பத்து மடங்கு காலம் உழைத்திருக்கும்.

எஸ்.எஸ்.ஆருக்கு வேறொரு தேவை உண்டு. அதன் வழியே ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் சுமார் 1 முதல் 1.5 வாட் வரை அது தானே சூடாகிறது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் இயங்கும் 12 கிலோவாட் ஹீட்டர், முனைக்கு ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட்சிங்க் இல்லாவிட்டால் எஸ்.எஸ்.ஆர். விரைவில் கருகிவிடும். மேலும், அணைந்த நிலையிலும் அதன் வழியே சிறிதளவு மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும் என்பதால், விளக்கு அணைந்திருக்கிறதே என்று ஹீட்டர் முனையைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. மெயின் பிரேக்கரை இறக்கி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

எண்களைப் பதிதல்

இணைப்புகள் முடிந்ததும் கருவியில் முதலில் பதிய வேண்டியது உணரியின் வகை. கே வகை உணரியை இணைத்துவிட்டு ஜே வகை என்று பதிந்தால், திரை 200 என்று காட்டும்போது ஓவன் உண்மையில் 250 டிகிரியைத் தாண்டியிருக்கும். அடுத்து, இயக்குபவர் கைதவறியும் மிகையான எண்ணை இட முடியாதபடி செட் பாயின்ட்டின் உச்ச வரம்பையும், பின்னர் வெளியீட்டின் வகை, சுழற்சி நேரம், அலாரம் ஆகியவற்றையும் பதிய வேண்டும். செட் பாயின்ட் என்பது அடைய வேண்டிய சூடு. உணரி அறுந்துபோனால் அதை மிகையான சூடாகக் கருதி ஹீட்டரை அணைக்குமாறு அமைப்பதும் இந்தக் கட்டத்திலேயே செய்யப்பட வேண்டியது.

இதன் பின்னர் வருவதே பி.ஐ.டி. என்ற மூன்றெழுத்துக் கணக்கு. 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலாளர், கப்பலைத் தானாகத் திருப்பும் முறையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதன் கணித வடிவத்தை முன்வைத்தார். தேர்ந்த சுக்கான் பிடிப்பவர் கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அந்த விலகல் எவ்வளவு நேரமாகத் தொடர்கிறது, எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பவற்றையும் கருதியே சுக்கானைத் திருப்புகிறார். ஓவனுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் எழுத்தான பி, விலகலுக்கு ஏற்ற அளவில் மின்திறன் தருவதைக் குறிக்கும். செட் பாயின்ட் 200, அதற்குக் கீழே 20 டிகிரி அகலப் பட்டை என்று வைத்தால், 180 வரை முழு மின்திறனும், 190இல் பாதியும், 200இல் சுழியும் கிடைக்கும். ஆனால் கதவு, சுவர் வழியாக வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்டவே ஓவனுக்கு 30 விழுக்காடு மின்திறன் தேவை என்றால், அது 194இலேயே நின்றுவிடும். 200ஐ எட்டினால் மின்திறனே கிடைக்காதே. இந்தத் தீராத குறையைக் காலப்போக்கில் கூட்டிக்கொண்டே வந்து, மின்திறனை மெல்ல உயர்த்தி, 6 டிகிரி இடைவெளியை நிரப்புவது ஐ. சூடு விரைந்து ஏறும்போது செட் பாயின்ட்டைத் தாண்டிவிடாதபடி முன்கூட்டியே மின்திறனைக் குறைப்பது டி.

இம்மூன்றுக்கும் உரிய மதிப்புகளைக் கண்டுபிடிக்க 1942இல் சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இருவர் ஒரு வழி வகுத்தனர். சூட்டை ஒரே சீராக ஏறி இறங்க விட்டு, அந்த அலையின் காலத்தை அளந்து, அதன் பாதியை ஐ நேரமாகவும் எட்டில் ஒரு பங்கை டி நேரமாகவும் கொள்வது அவர்களின் பரிந்துரை. அலையின் காலம் 160 வினாடி என்றால் ஐ 80, டி 20 வினாடி. 1984இல் ஓஸ்ட்ரோம், ஹாக்லண்ட் ஆகிய ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், ஹீட்டரை மாறிமாறி எரித்தும் அணைத்தும் அந்த அலையைப் பாதுகாப்பாக உண்டாக்கும் எளிய முறையை வெளியிட்டனர். இன்றைய கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடைபெறும் ஆட்டோ டியூனுக்கு இத்தகைய முறைகளே அடிப்படை. வெற்று ஓவனில் ஆட்டோ டியூன் செய்துவிட்டு நிறைந்த ஓவனில் வேலை வாங்கினால் மதிப்புகள் பொருந்தா. கதவை மூடி, விசிறியை ஓடவிட்டு, வழக்கமான சுமையை ஏற்றிய பிறகே அதனைத் தொடங்க வேண்டும். அந்நேரத்தில் சூடு செட் பாயின்ட்டைச் சற்றுத் தாண்டும் என்பதால், முதல் முறை சிறிது குறைவான செட் பாயின்ட்டில் செய்வது நல்லது.

இரண்டாவது காவல்

எவ்வளவு நன்றாக அமைத்தாலும், ஒரே கருவியை மட்டும் நம்பியிருப்பது கூடாது. எஸ்.எஸ்.ஆர். பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே உறைந்துவிடும். கட்டுப்படுத்தி அணை என்று ஆணையிட்டாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். உணரி தன் இடத்திலிருந்து கழன்று வெளியே தொங்கினால், அறையின் சூட்டைக் கண்டு ஓவன் ஆறிவிட்டதாக எண்ணும் கருவி முழு மின்திறனையும் தரும். இங்கே உணரி அறுபடவில்லை என்பதால், அறுந்தால் அணைக்கும் ஏற்பாடு உதவாது. ஆகவே, தனி உணரியும் தனி மின்வழியும் கொண்ட மிகைவெப்பக் காவல் கருவி ஒன்று, மெயின் கான்டாக்டரை நேரடியாக விடுவிக்கும்படி அமைய வேண்டும். அது ஒருமுறை செயல்பட்டால், காரணத்தைக் கண்டறிந்து ஒருவர் கையால் மீட்டால்தான் மீண்டும் மின்சாரம் வர வேண்டும். விசிறி ஓடாதபோது ஹீட்டர் எரியவே முடியாதபடி பூட்டு இணைப்பு இருப்பதும் கட்டாயம். இந்தச் செலவை மிச்சப்படுத்துவோர், ஓவனருகே நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளியின் பாதுகாப்பைத்தான் மிச்சப்படுத்துகிறார்கள்.

இறுதியாக, இந்தியாவில் என்.ஏ.பி.எல். ஏற்பு பெற்ற ஆய்வகத்தில் அளவுதிருத்தம் செய்யப்பட்ட வேறொரு வெப்பமானியை உணரிக்கு அருகில் வைத்து, இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும். சிறிய வேறுபாடு இருந்தால் கருவியிலேயே திருத்த எண்ணைப் பதியலாம். ஆனால் 20, 30 டிகிரி வேறுபாட்டைத் திருத்த எண்ணால் மறைப்பது, தவறான கம்பியையோ தவறான உணரி வகையையோ அப்படியே விட்டுவைப்பதாகும். அத்தகைய பிழை சூட்டுக்கு ஏற்ப மாறும் என்பதால், ஓரிடத்தில் சரியாகி வேறிடத்தில் பெரிதாகும். பதிந்த எண்கள் அனைத்தையும் தேதியுடன் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தால், பல ஆண்டுகளுக்குப் பின் கருவியை மாற்ற வருபவர் யூகத்தால் அல்லாமல் அறிந்தே வேலை செய்ய முடியும்.