வம்பும் வாதமும்

காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் வெம்பாக்கம் வருகிறது. ஆரணிப் பட்டின் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் அது. இவ்வட்டாரத்துக் கைத்தறிகளின் உச்சியில் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருப்பதை நமது வாசகர்களில் பலர் கண்டிருப்பார்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் சுழன்று வருகின்றன. துளையுள்ள இடத்தில் பாவிழை எழும்புகிறது. துளையில்லாத இடத்தில் எழும்பாமல் நிற்கிறது. நாடா ஓடுகிறது. சேலையின் கரையில் மாங்காயும் மயிலும் உருவாகின்றன. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டில் அமைத்த யந்திரம் இது. பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணித யந்திரத்துக்குக் கட்டளையிட இந்த அட்டைகளையே தேர்ந்துகொண்டார். ஆகவே, கணினிக்குக் கட்டளை எழுதும் வித்தைக்கும் நமது நெசவாளியின் தறிக்கும் உறவு உண்டென்று நாம் சொல்வது வெறும் உபசார வார்த்தையன்று.

நெசவுத் தொழிலில் மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுகிறார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை செல்லும் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டியாக வேண்டும். தனி ஒருவனால் ஆகக்கூடிய காரியமல்ல இது. அண்டை வீட்டார் வந்து கை கொடுத்தால்தான் முடியும். அவர்களுக்குள் சச்சரவே கிடையாது என்று நாம் கூறவில்லை. ஆனால், சச்சரவுக்காகப் பாவை அறுப்பவனை எந்தத் தெருவும் பொறுத்துக்கொள்ளாது.

இதே மாதிரியான கூட்டு உழைப்பொன்று கணினி உலகில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதுவே கட்டற்ற மென்பொருள் இயக்கம். 1983 செப்டம்பரில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘க்னூ’ என்ற முயற்சியை அறிவித்தார். 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்பதை எழுதத் தொடங்கினார். இம்மென்பொருள்களின் மூல எழுத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். விலையில்லாமல் கிடைக்கிறது என்பது இதில் சிறிய விஷயம். எவனுக்கும் அடிமைப்படாமல் உபயோகிக்கலாம் என்பதே பெரிய விஷயம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்களிடையே ஓயாத குழப்பம் நேர்ந்தது. 1998-ல் சிலர் ‘திறந்த மூலம்’ என்று வேறு பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரைப் பற்றியே இரு கட்சிகள் உண்டாயின. தமிழோ ‘கட்டற்ற’ என்ற ஒரே சொல்லால் அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

நிற்க. இந்தப் பொதுத் தெருவில் இப்போது பரவியிருக்கும் ஒரு நோயைப் பற்றியே நாம் எழுத முற்பட்டோம். வாதம் சூடேறியதும், எதிர்க்கட்சிக்காரரை ‘ட்ரோல்’ என்று அழைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தூண்டிலில் இரை கோத்துப் பிறரைச் சினமூட்டி வேடிக்கை பார்க்கும் வம்பன் என்பது அதன் பொருள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், யார் வம்பன், யார் மனப்பூர்வமாக மாறுபடுகிறவன் என்று தீர்மானிப்பது யார்? இதுவே கேள்வி.

வாதம் கடுமையாக இருப்பதனாலேயே தீங்கு விளைந்துவிடாது. 1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்த புரொபஸர் டேனன்பாம், லினக்ஸ் காலங்கடந்த அமைப்பு என்று பகிரங்கமாக எழுதினார். ‘மினிக்ஸ்’ என்ற பாடப்புத்தக மென்பொருளை இயற்றிய பெரியவர் அவர்; டோர்வால்ட்ஸுக்கோ அப்போது வயது இருபத்திரண்டு. இளைஞர் சுடச்சுடப் பதில் எழுதினார். ஆனால், உடனேயே தமது வரம்பு மீறிய தொனிக்கு மன்னிப்புக் கேட்டு, வாதத்தை மட்டும் தொடர்ந்தார். இன்று உலகின் முதல் ஐந்நூறு அதிவேகக் கணினிகளும் லினக்ஸில் இயங்குகின்றன. மினிக்ஸும் அழியவில்லை, இன்டெல் கம்பெனியின் சில்லுகளுக்குள்ளேயே அது இயங்கி வந்தது 2017-ல் தெரியவந்தது. இருவரில் ஒருவர் மற்றவரை வம்பனென்று தள்ளியிருந்தால், அமைப்பைப் பற்றிய அந்த அருமையான விவாதம் மாணவர்களுக்குக் கிடைத்திருக்குமா?

அதே டோர்வால்ட்ஸ் பிற்காலத்தில், தமக்குத் திருத்தம் அனுப்பியவர்களை வசைபாடுகிறார் என்ற புகாருக்கு ஆளானார். 2018 செப்டம்பரில் தமது நடத்தைக்கு வருத்தம் தெரிவித்து, சில வாரங்கள் வேலையிலிருந்து விலகி நின்றார். அத்தருணத்தில் லினக்ஸை ஆக்கி வருபவர்கள் நடத்தை விதிகளையும் ஏற்றார்கள். விதிகளை எதிர்த்தவர்களும் உண்டு. கோடிக்கணக்கான யந்திரங்களில் ஓடப்போகும் எழுத்தில் பிழையிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும், மரியாதையைக் காப்பாற்றப் பிழையைக் காப்பாற்றலாகாது என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், இழை அறுந்திருக்கிறது என்று சொல்வது வேறு. நெய்தவன் மடையன் என்று சொல்வது வேறு. முதலாவதைச் சொல்ல இரண்டாவது தேவையில்லை.

வசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. லினக்ஸ் கணினிகளைத் தொடக்கிவைக்கும் ‘சிஸ்டம்டி’ என்ற அமைப்பைப் பற்றி 2014-ல் பெருஞ்சண்டை மூண்டது. அதை இயற்றியவர்களில் ஒருவரான லெனார்ட் பொட்டரிங், தம்மைக் கொல்லக் கூலியாள் அமர்த்துவதற்குப் பணம் திரட்டும் அளவுக்குச் சிலர் போனார்கள் என்று எழுதினார். இதை வாதம் என்று எவர் சொல்வார்?

இதனினும் நுட்பமான அபாயம் 2024-ல் வெளிப்பட்டது. ‘எக்ஸ்.இஸட்.’ என்ற சுருக்குக் கருவி, லினக்ஸ் கணினிகளில் பரவலாக உபயோகமாகி வருவது. பல ஆண்டுகளாக அதை ஒரே மனிதர் ஊதியமின்றிப் பேணி வந்தார். 2022-ல், அதற்கு முன் யாரும் கேள்விப்படாத சிலர் தோன்றி, வேலை தாமதமாகிறதென்று அவரை இடித்துரைத்தார்கள். மனச்சோர்வுற்றிருந்த அவர், உதவிக்கு வந்த வேறொருவருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த உதவியாளர் பெயரால் வந்த வெளியீடுகளிலேயே திருட்டு வாசல் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இடித்துரைத்தவர்களும் அந்தச் சூழ்ச்சியைச் சேர்ந்த போலிகளே என்பது பின்னர் ஆராய்ந்தவர்களில் பலருடைய கருத்து. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தமது கணினியில் உட்புக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியதால், மார்ச் 29-ல் உலகம் பிழைத்தது. தனியே உழைக்கும் ஒருவரை நச்சரிப்பால் சோர்வடையச் செய்வது கோட்டைக் கதவைத் திறக்கும் உபாயமாகவே ஆகிவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

ஆகையால், வம்பு என்பது கற்பனையன்று. அதைத் தடுக்க விதி வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், விதி எப்படிப்பட்டது என்பதில்தான் நமது தேசத்தின் அனுபவம் பேசுகிறது. அன்னிய சர்க்காரின் 124-ஏ பிரிவை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்காரிடம் ‘அப்ரீதி’ உண்டாக்குவது குற்றம் என்றது அது. அப்ரீதி எது என்பதற்கு அளவு கிடையாது. கேள்வி கேட்டவனெல்லாம் ராஜ துவேஷியானான். 1908-ல் திலகர் ஆறு ஆண்டு மாண்டலேக்குப் போனதும், அதே ஆண்டில் சிதம்பரம் பிள்ளை தண்டனை பெற்றதும் அந்தப் பிரிவின் மகிமையே. ‘ட்ரோல்’ என்னும் குற்றச்சாட்டும் அதே இனத்தது. இன்ன சொல்லைச் சொன்னான் என்று காட்டாமல், இன்ன எண்ணத்தோடு சொன்னான் என்று தீர்ப்புக் கூறுவது அது. ஒருவர் கூறிய கொலை மிரட்டலை எடுத்துக் காட்டலாம். பொய்ப் பெயரை அம்பலப்படுத்தலாம். வசையை வரிக்கு வரி சுட்டலாம். எண்ணத்தை எப்படிக் காட்டுவது? பொறுப்பிலிருப்பவருக்குப் பிடிக்காத கேள்வியை அடைக்க இதைவிடச் சுலபமான தாழ்ப்பாள் இல்லை.

நம்மவர்கள் இதில் பின்தங்கியவர்களல்ல. ‘ட்ரோல்’ என்ற சொல் நம்மிடம் வருமுன்பே ‘துரோகி’ என்ற சொல் நம்மிடம் இருந்தது. கணினித் தமிழின் வரலாற்றைப் பாருங்கள். 1990-களில் எழுத்துருச் செய்தவர்கள் தத்தமக்கென ஒரு குறியீட்டை வகுத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதிய தமிழ் மற்றவரின் கணினியில் புரியாத குறிகளாக நின்றது. பல தேசங்களிலிருந்த தமிழன்பர்கள் கடிதம் மூலமே வாதித்து ‘டிஸ்கி’ என்ற குறியீட்டை ஆக்கினார்கள். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது; தமிழக அரசு அவ்வாண்டில் ‘டாம்’, ‘டாப்’ என்ற வேறு இரண்டை ஏற்றது. பிறகு யூனிகோடு பரவியது. அதன் தமிழ் அமைப்பு போதாது என்று அனைத்தெழுத்துக் குறியீட்டுக்காரர்கள் வாதித்தார்கள். 2010 ஜூனில் அரசு யூனிகோடையும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் கிரந்த எழுத்துக்களைப் பற்றிய சண்டை எழுந்தது. எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்து தமிழெழுத்துக்களையும் கிரந்தத்தின் பகுதியில் சேர்க்கலாமென்ற யோசனையைப் பலர் எதிர்த்தார்கள். 2014-ல் கிரந்தம் யூனிகோடில் இடம்பெற்றபோது அந்த ஐந்தும் அதில் இல்லை.

இவ்வாதங்களில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று நாம் இங்கு கணக்கெடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். காரியத்தை நகர்த்தியவை சாசனமும் அட்டவணையும் உதாரணமும் காட்டி எழுதப்பட்ட கடிதங்களே. எதிரியைத் துரோகி என்ற கடிதம் ஒரு புள்ளியைக்கூட இடம் மாற்றவில்லை. அது செய்ததெல்லாம், விஷயம் தெரிந்த சிலரைச் சலிப்புற்று ஒதுங்கச் செய்ததுதான்.

ஒன்றுபட முடியாத இடத்தில் என்ன செய்வது? 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் கூடியது. மேடையில் செருப்புப் பறந்தது, நாற்காலிகள் உடைந்தன, மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்தார்கள். திலகர் கட்சியில் நமது பாரதியாரும் சிதம்பரம் பிள்ளையும் இருந்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, 1916-ல் லக்னௌவில் இரு கட்சிகளும் ஒன்றாயின. கட்டற்ற மென்பொருளுக்குச் செருப்பில்லாமலே ஒரு சூரத் உண்டு. ஒத்துவராதவன் மூல எழுத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, தனிக் கிளை தொடங்கலாம். அது அவன் உரிமை. ‘ஜி.சி.சி.’ என்ற மொழிமாற்றிக் கருவியில் 1997-ல் அப்படிப் பிளவு நேர்ந்தது. பிரிந்தவர்களின் வேலை சிறந்தது என்று கண்ட மூல ஸ்தாபனத்தார், 1999-ல் அக்கிளையையே அதிகாரபூர்வமானதாக ஏற்றார்கள். இரண்டே ஆண்டில் லக்னௌ வந்துவிட்டது! பிரிந்தவர்களை வம்பர்களென்று முத்திரையிட்டு ஊரைவிட்டு ஓட்டியிருந்தால், அவர்கள் வேலையைத் திரும்ப ஏற்க முகம் இருந்திருக்குமா?

இதை நாம் இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. தமிழில் இவ்வேலை செய்வோர் சிலரே. 2012 முதல் ‘கணியம்’ கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகிறது. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி வருகிறது. இத்தகைய முயற்சிகள் சம்பளத்தால் நடப்பவையல்ல. மாலை வேளையும் ஞாயிற்றுக்கிழமையும் கொடுக்கும் மனிதர்களால் நடப்பவை. வெம்பாக்கத்து நெசவாளியின் மகன் ஒருவன், இரவல் கணினியில் கற்று, முதன்முதலாக ஒரு திருத்தத்தை அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் தடுமாறுகிறது, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிடுகிறான். ‘படித்துவிட்டு வா’ என்று ஒரு வரியும், ‘இவன் வம்பன்’ என்று மறு வரியும் அவனுக்குப் பதிலாகக் கிடைத்தால், அவன் மறுபடியும் வரமாட்டான். ஏன் வரவில்லை என்றும் யாருக்கும் தெரியாது. இழந்த உழைப்புக்குக் கணக்கு எழுதுவார் இல்லை.

ஆகவே, பொது உழைப்பில் ஈடுபட்டிருக்கும் தோழர்களுக்கு நமது விண்ணப்பம் இது. பிழையைத் தாட்சண்யமின்றிச் சொல்லுங்கள். பிழை செய்தவனின் பிறப்பையும் மூளையையும் இழுக்காதீர்கள். ஒருவரை வம்பன் என்று விலக்க நேர்ந்தால், அவர் சொன்ன சொல்லை எடுத்துக் காட்டி, அவர் பதிலையும் கேட்டு, காரணத்தை எல்லோரும் காண எழுதி வையுங்கள். தனியே பாரம் சுமப்பவரைக் குறை கூறுமுன், அந்தப் பாரத்தில் ஒரு முனையைப் பிடியுங்கள். சுடுசொல் வாய் தவறி வந்துவிட்டால், டேனன்பாமுக்கு எழுதிய அந்த இளைஞரைப்போல் உடனேயே வருத்தம் தெரிவியுங்கள். அதனால் வாதம் பலவீனப்படாது.

அறுந்த இழையை நெசவாளி முடிந்துவிட்டு மேலே நெய்கிறான். அதற்காகப் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. பாவு அவன் ஒருவனுடையதல்ல, தெருவே கூடி நீட்டியது என்று அவனுக்குத் தெரியும். நமது கணினித் தோழர்களும் இதை உணர்ந்து நடப்பார்களென்று நம்புகிறோம்.