எச்சரிக்கைச் சொற்களும் அவற்றின் தரமும்

அபாயத்தை முன்னறிவிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. வாட்ச், அலர்ட், காஷன், வார்னிங், டேஞ்சர் எனும் ஐந்தையும் தமிழில் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அரசாங்க அறிவிப்புகளை மொழிபெயர்க்கும் பணியிலுள்ள நாம் இதனை அன்றாடம் காண்கிறோம். ஆங்கிலத்தில் இச்சொற்களுக்கிடையே ஏறுவரிசை ஒன்று உண்டு. தமிழில் அது மறைந்துபோகிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைப் புறங்களில் வாழும் தமிழர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

முதலில் சொற்களின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 'வார்ன்' பழைய ஆங்கிலச் சொல். அதன் உறவான 'பிவேர்' விந்தையானது. இன்றைய வழக்கில் அதற்கு இறந்தகாலம் இல்லை. ஏவலாகவே பெரிதும் வரும். நம் வீட்டு வாயில்களில் தொங்கும் 'நாய்கள் ஜாக்கிரதை' என்னும் பலகைக்கு நேரானது இதுவே. 'அலர்ட்' என்பது இத்தாலிய மொழியில் உயரமான காவலிடத்தைக் குறித்த தொடரிலிருந்து வந்தது. 'டேஞ்சர்' பழைய பிரெஞ்சில் ஒரு பிரபுவின் அதிகாரத்தைக் குறித்தது. அவன் கைக்குள் அகப்பட்டவன் நிலையே பின்னர் ஆபத்து எனப் பொருள் பெற்றது. 'காஷன்' லத்தீன் வழிவந்தது. தன்னைக் காத்துக்கொள்ளுதல் என்பது அதன் உட்பொருள். கல்லூரியில் மாணவர் கட்டும் காஷன் டெபாசிட்டும், பந்தாட்ட நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவதும் அச்சொல்லின் கிளைகளே. இவற்றை 'எச்சரிக்கைத் தொகை' என்று பெயர்ப்பாரும் உளர்! 'காப்புத் தொகை' என்பதன்றோ பொருந்தும்?

வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே இருப்புப்பாதை காட்டினூடே செல்கிறது. யானைகள் கடக்கும் இடம் அது. ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' என்றொரு தாள் உண்டு. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, என்ன வேகத்துக்கு மேற்படாமல் வண்டி செல்லவேண்டும் என்பதை அது இயக்குநருக்குத் தெரிவிக்கும். இங்கே காஷன் என்பது அறிவுரை அன்று, மீறக்கூடாத ஆணை. 2021 நவம்பர் 26 அன்று இரவு, இப்பாதையில் தமிழ்நாட்டுப் பகுதியான நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 'கவனமாகச் செல்க' எனப் பொதுவாகச் சொல்வதற்கும், வேகத்தை எண்ணால் வரையறுப்பதற்கும் உள்ள வேற்றுமையை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

வானிலைத் துறையினர் நிறங்களால் தரம் பிரித்துள்ளனர். மஞ்சள் 'வாட்ச்': நிலைமையைக் கவனித்து வருக. ஆரஞ்சு 'அலர்ட்': ஆயத்தமாக இருக்க. சிவப்பு 'வார்னிங்': உடனே செயற்படுக. மழையளவில் சொன்னால், 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4க்கு மேல் அதிகனமழை. அணைகளுக்கோ வேறு வரிசை: நீலம், ஆரஞ்சு, சிவப்பு. இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 2403 அடி. 2018 ஜூலை இறுதியில் நீர் 2395 அடியை எட்டியபோது ஆரஞ்சு அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் மதகு, 1992க்குப் பின் முதன்முறையாகத் திறக்கப்பட்டது. ஆக, வானொலியில் 'இடுக்கிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை' என்று மட்டும் சொன்னால், மழைக்கா அணைக்கா என்பது விளங்காது. அறிவிப்பாளர் இதனைத் தெளிவாகச் சொல்வதே முறை.

நிறம் மாவட்டம் முழுவதற்கும் பொது. எந்தச் சரிவு எந்த இரவில் பெயரும் என்பதை அது உரைப்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமாக 70 பேர் மாண்டனர். தொலைபேசித் தொடர்பு அற்றிருந்ததால், அச்செய்தி வெளியே எட்டியதே மறுநாட் காலையில்தான்.

இனி நாம் மிகவும் கவலையுறும் இடத்துக்கு வருவோம். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஆணும் பெண்ணும் ஜீப்புகளில் மேட்டைக் கடந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு கலத்தின் மீதும் நிற முக்கோணம் இருக்கவேண்டும். சிவப்பிலும் மஞ்சளிலும் 'பாய்சன்', நீலத்தில் 'டேஞ்சர்', பச்சையில் 'காஷன்' என்னும் சொல் இடம்பெறும். மழை அறிவிப்பில் மஞ்சள் என்றால் கவனித்திருந்தால் போதும். மருந்துக் கலத்தில் மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. அணைக்கு நீலம் முதற்படி; கலத்தில் நீலம் ஆபத்து. பச்சையைக் கண்டு தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. நஞ்சின் அளவு குறைவு என்பதே அதன் பொருள்.

இவற்றைத் தமிழில் எழுதுங்கால் நாம் விரும்பும் வரிசை இது. காஷன் எனில் 'கவனம்', வார்னிங் எனில் 'எச்சரிக்கை', டேஞ்சர் எனில் 'அபாயம்'. 'எச்சரிக்கை' என்பது முற்காலத்தில் அரசன் அவைக்கு வருங்கால் கட்டியக்காரன் கூவிய சொல்லாகவும் இருந்தது. எழுந்து நில்லுங்கள் என்னும் தொனி இன்றும் அதில் ஒலிக்கிறது. ஆதலின் அதனைச் சிறு காரியங்களுக்கெல்லாம் செலவிட வேண்டா. 'பாய்சன்' என்பதற்கு 'நஞ்சு' நல்ல தமிழே. எனினும் மருந்துக் கலத்தில் 'விஷம்' என்றே அச்சிடுவதை நாம் ஆதரிக்கிறோம். போடியிலிருந்து செல்லும் கூலியாளும், அவரோடு வேலை செய்யும் மலையாளியும் வாய்விட்டுச் சொல்லும் சொல் அதுதான்.