பல்பு கருகியது ஏன்?



ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும், பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு விளக்கின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. விடியுமுன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போகும், மரத்தின் அழுத்தம் தளரும், பாலும் குறையும். அதனால்தான் இருட்டிலேயே நிரைக்குப் போகவேண்டியிருக்கிறது. பாதி நிரையில் விளக்கு அணைந்துவிட்டால் வெளிச்சம் மட்டுமா போகிறது? அன்றைய பாலும் அதற்குரிய கூலியும் சேர்ந்து போகின்றன. கையிலோ கூரான கத்தி. காலடியில் பள்ளமா, பாம்பா என்று தெரியாத நிலை.

ஒரு காலத்தில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டினார்கள். கார்பைட் கல்லின் மேல் நீர் சொட்டினால் அசிட்டிலீன் என்ற வாயு கிளம்பும். அது எரிந்து வெளிச்சம் தரும். பிறகு பேட்டரி விளக்கு வந்தது. இன்று இங்கே பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. புதிய விளக்குகளில் எல்.இ.டி. வந்துவிட்டது. ஆனாலும் பல்பு போட்ட, சார்ஜ் செய்யக்கூடிய பெரிய டார்ச் லைட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த விளக்கில் பல்பு போய்விட்டால் என்ன செய்வது என்பதையே இன்று பார்க்கப்போகிறோம்.

பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? செத்த பல்பை வீசிவிட்டுக் கடைக்குப் போகிறோம். "அண்ணே, டார்ச் பல்பு ஒன்று கொடுங்கள்" என்கிறோம். அவரும் பெட்டியில் கிடப்பதை எடுத்துக் கொடுக்கிறார். மூன்றாம் நாள் அதுவும் கருகிவிடுகிறது. பல்பு மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்லுகிறோம். குற்றம் பல்பில் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வீசுமுன் பழைய பல்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அது எப்படிச் செத்தது என்பதை அதுவே காட்டும்.

பல்புக்குள் இருக்கும் மெல்லிய சுருள் கம்பி டங்ஸ்டன் என்ற உலோகத்தால் ஆனது. 3,422 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் அது உருகும். அதனால்தான் வெண்மையாக ஒளிரும் அளவுக்கு அதைச் சூடாக்க முடிகிறது. ஆனால் சூடான கம்பியில் காற்றுப் பட்டால் உடனே எரிந்துவிடும். ஆகவே கண்ணாடிக்குள் காற்றை நீக்கி மூடியிருப்பார்கள்.

இப்போது பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால், கம்பி ஆவியாகித் தேய்ந்து அறுந்தது என்று பொருள். பல நாள் உழைத்த பல்பு என்றால் அது இயற்கையான முடிவு. வாங்கிய சில நாளிலேயே கறுத்தால், அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்திருக்கிறது. கண்ணாடிக்குள் வெள்ளை மாவு படிந்தது போல் இருந்தால், எங்கோ கீறல் விழுந்து காற்று நுழைந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், விளக்கு கீழே விழுந்திருக்கலாம், அல்லது பொருந்தாத பல்பைப் போட்டவுடன் அறுந்திருக்கலாம்.

கம்பி அறுந்ததாகவே தெரியவில்லையா? சாதாரண டார்ச் பேட்டரி இரண்டை வரிசையாகச் சேர்த்து, ஒயர்த் துண்டால் பல்பைத் தொட்டுப் பார்க்கலாம். 6 வோல்ட் பல்பு மங்கலாகச் சிவந்தால் உயிர் இருக்கிறது. அப்படியானால் கோளாறு வேறிடத்தில். பல்பு உட்காரும் இடத்திலும் பேட்டரி முனையிலும் பச்சையோ துருவோ படிந்திருக்கும். மழையும் வியர்வையும் செய்யும் வேலை அது. பென்சில் அழிக்கும் ரப்பரால் அல்லது நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பல விளக்குகள் மீண்டும் எரியும். பல்பு வாங்கும் காசும் மிச்சம்.

பல்பு செத்ததுதான் என்று தெரிந்தால், புதியது வாங்குமுன் எண்ணைப் படிக்கவேண்டும். பல்பின் உலோகக் கழுத்தில் சிறிய எழுத்தில் '6 வி, 0.5 ஏ' என்பதுபோல் பொறித்திருக்கும். 'வி' என்பது வோல்ட், அதாவது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். 'ஏ' என்பது ஆம்பியர், அதாவது ஓடும் மின்சாரத்தின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். இந்தப் பல்பு 3 வாட்.

பல்பின் வோல்ட் விளக்கின் பேட்டரியோடு பொருந்தவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண டார்ச் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட். சார்ஜ் செய்யும் சிறிய நிக்கல் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட். ஈய அமில பேட்டரியில் ஒவ்வோர் அறையும் 2 வோல்ட். இரண்டு அறை என்றால் 4, மூன்று அறை என்றால் 6. இரண்டு பேட்டரி டார்ச்சுக்கு உரிய பல்பை 6 வோல்ட் விளக்கில் மாட்டினால் ஒரு மின்னல் மின்னும், அவ்வளவுதான். கொஞ்சம் மீறினாலும் கேடுதான். வோல்ட் 10 விழுக்காடு கூடினால், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். பல்பின் ஆயுளோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 6 வோல்ட் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது அதன் அழுத்தம் 7 வோல்ட்டையும் தாண்டும். அந்த நேரத்தில், எரிகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டால் அத்தனையும் பல்பின் தலையில் விழும். மேலும், கம்பி குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது உள்ள தடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் சுவிட்ச் போடும் அந்த நொடியில் மின்சாரம் வெள்ளம்போல் பாயும். தேய்ந்த பல்புகள் போட்டவுடன் அறுவது இதனால்தான். பிள்ளைகள் விளையாட்டாகப் போட்டுப் போட்டு அணைப்பதையும், சார்ஜில் இருக்கும்போது எரிய விடுவதையும் தடுத்தால் பல்பு நீடிக்கும்.

வெளிச்சம் கூடவேண்டும் என்று பெரிய வாட் பல்பு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். 6 வோல்ட், 4.5 ஆம்பியர் மணி என்று போட்ட பேட்டரியில் 0.5 ஆம்பியர் பல்பு கணக்குப்படி 9 மணி நேரம் எரியும். அதே பேட்டரியில் 10 வாட் ஹாலோஜன் பல்பு போட்டால் கணக்குப்படியே இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். நடைமுறையில் இன்னும் குறையும். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டவர், வானம் வெளுக்குமுன் இருட்டில் நிற்பார். சூட்டில் பிளாஸ்டிக் குவிதட்டும் உருகக்கூடும்.

ஹாலோஜன் பல்பைப் புதிதாக மாட்டும்போது விரலால் கண்ணாடியைத் தொடக்கூடாது. எரியும்போது அதன் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் சூடேறும். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகக் காய்ந்து கண்ணாடி கெட்டுவிடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டவேண்டும். பழைய பல்பையும் ஆறவிட்டுத்தான் கழற்றவேண்டும்.

பழைய விளக்கில் போடக்கூடிய எல்.இ.டி. பல்பும் கிடைக்கிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பால்தான் வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. வந்தது. அதில் அறுந்துபோகும் சுருள் கம்பி இல்லை; அதே வெளிச்சத்துக்கு மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால் அதிலும் வோல்ட் அளவைப் படித்தே வாங்கவேண்டும். சிலவற்றில் நேர்முனை, எதிர்முனை மாறினால் எரியாது. எரியவில்லை என்றதும் வீசிவிடாமல், விளக்கில் முனைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கவேண்டும்.

சார்ஜரைச் சுவரில் செருகியிருக்கும்போது விளக்கைப் பிரிக்கவே கூடாது. அங்கே 230 வோல்ட் இருக்கிறது, அது உயிர்க்கொல்லி. வீங்கிய, கசிந்த பேட்டரியைப் பிள்ளைகள் தொடாமல் தனியே வைக்கவேண்டும். நெருப்பில் போடுவதும் ஆற்றில் எறிவதும் ஆபத்து.

கடைக்குப் போகும்போது செத்த பல்பைத் தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோவோம். எண்ணைக் காட்டி, "இதே வோல்ட், இதே ஆம்பியர் வேண்டும்" என்று கேட்போம். அப்படியே இரண்டு வாங்கி, ஒன்றைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வோம். இருட்டில் விளக்கு அணைந்தால் அடி எடுத்து வைக்காமல், கத்தியை உறையில் போட்டுவிட்டு, கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்குக் குரல் கொடுப்போம். நிரையில் தனியாக நிற்பவருக்கு அந்தச் சிறிய பல்பு ஒரு நாள் கூலி. சில வேளையில் அதற்கும் மேல்.