தொக்கு பாட்டில் ஏன் உடைந்தது?



தக்காளித் தொக்கு போட்டு விற்கும் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அன்று சேமிப்பு, கடன் பேச்சே எடுபடவில்லை. முந்தின நாள் கொதிக்கக் கொதிக்கத் தொக்கை ஊற்றியதில் ஆறு பாட்டில் விரிசல் விட்டுப்போச்சு. "ஊத்துனது நீதானே, காசையும் நீயே கட்டு" என்று ஒரு அக்காவைச் சொல்லிவிட்டார்கள். தீர்மான நோட்டில் எழுதவும் தயார். அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"பாட்டிலை எங்கே வைத்து ஊற்றினீர்கள்?" என்று கேட்டோம்.

"சிமெண்டுத் தரையிலதாங்க. அப்பத்தான் கழுவி விட்டிருந்தோம்."

காரணம் அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான பொருட்கள் சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பட்டா சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். நெருப்பில் காய்ச்சினால் விரிந்து சக்கரத்தில் ஏறும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். ஒரு மீட்டர் இரும்புக் கம்பி 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். அந்தச் சின்ன மாற்றத்துக்கே அத்தனை பலம்!

கண்ணாடியும் இப்படித்தான் விரியும். ஆனால் அதில் சூடு மெதுவாகத்தான் பரவும். கொதிக்கும் தொக்கு பட்டதும் உள்பக்கம் விரியப் பார்க்கும். ஈரத்தரையில் இருக்கும் அடிப்பாகமும் வெளிப்பக்கமும் குளிர்ந்தே இருப்பதால் விரியாது. இரண்டுக்கும் இழுபறி. இரும்பு வளைந்து கொடுக்கும். கண்ணாடி வளையாது, விரிசல் விடும். "கனமான பாட்டில் வாங்கினா உடையாது" என்பதும் சரியல்ல. கனம் கூடினால் சூடு வெளிப்பக்கம் வந்து சேர இன்னும் நேரமாகும்.

இனி இப்படிச் செய்வோம்:

1. பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பாட்டில்களைப் பச்சைத் தண்ணீரில் வைத்து, தண்ணீரோடு சேர்த்தே மெதுவாகச் சூடாக்குங்கள். ஈரம் போக உலர்த்தி, வெதுவெதுப்பு இருக்கும்போதே நிரப்புங்கள்.

2. மரப்பலகை அல்லது மடித்த காய்ந்த துணி மேல் வைத்து ஊற்றுங்கள்.

3. சூடான பாட்டிலைத் தண்ணீரில் வைத்து ஆற்றாதீர்கள். தானாக ஆறட்டும்.

4. விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். வெயில் பட்டால் பாட்டிலைவிட எண்ணெய் அதிகமாக விரிந்து, மூடி வழியாகக் கசியும். அரை அங்குலம் இடம் விடுங்கள்.

5. தகர மூடி இறுகிவிட்டதா? மூடியை மட்டும் சிறிது நேரம் வெந்நீரில் காட்டுங்கள். கண்ணாடியைவிடத் தகரம் அதிகமாக விரியும், மூடி தளர்ந்துவிடும்.

இதையெல்லாம் பேசி முடித்ததும், உடைந்த பாட்டில் கணக்கைக் குழுச் செலவாகவே எழுதினார்கள். அடுத்த முறை பலகை போட்டு ஊற்றியதும் அதே அக்காதான். ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

நஷ்டம் வந்தால் ஆளைத் தேடும் முன் காரணத்தைத் தேடுவோம், தோழிகளே!