எண்ணுக்கும் பெயர் வேண்டும்

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், மாரிகுப்பம் ரயில் நிலையத்தினின்றும் வேலையின் பொருட்டு நாள்தோறும் பெங்களூர் செல்வோர் பலராவர். அவர்களுள் ஒருவருக்கு மின் தபாலில் வரவேண்டிய நியமன உத்தரவு, வேண்டாக் கடிதங்களின் குவியலில் மறைந்து போகக்கூடும். இதற்குரிய காரணங்களுள் ஒன்றை இங்கு ஆராய்வோம்.

இணையத்தில் பெயரைக் கொண்டு எண்ணை அறிவிக்கும் பதிவேடு ஒன்று உண்டு. எண்ணைக் கொண்டு பெயரை அறிவிக்கும் எதிர்ப் பதிவேடும் உண்டு. 203.0.113.25 என்னும் எண், பின்னதில் 25.113.0.203 எனத் தலைகீழாக எழுதப்படும். கடிதத்தைப் பெறும் சர்வர், அனுப்பிய சர்வரின் எண்ணுக்குரிய பெயரைத் தேடும்; பின்னர் அப்பெயர் அதே எண்ணைத் தருகின்றதா என்று சோதிக்கும். இரண்டும் ஒவ்வாவிடில் ஐயுறும். ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்புவோருக்கு இவ்விரு பதிவுகளும் இன்றியமையாதவை என்று கூகிள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் விதித்துள்ளது.

ஒரு நிறுவனத்திற்குத் தபால் சர்வர்கள் மூன்று இருப்பின், மூன்று எண்களுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். ஒன்றை மறந்தால், சில கடிதங்கள் சேரும், சில சேரா. ஆதலின் பிழையைக் கண்டறிதல் அரிதாகிறது. ஆனால் ஒரே சர்வர் பல நிறுவனங்களின் கடிதங்களை அனுப்பினும், அதன் எண்ணுக்கு ஒரு பெயரே போதுமானது.

எதிர்ப் பதிவைச் செய்யும் அதிகாரம் பெயருக்கு உரியவரிடம் இல்லை. எண்தொகுதியைப் பெற்றுள்ள இணையச் சேவை நிறுவனத்திடமே பொதுவாக உள்ளது. அந்நிறுவனத்திற்கு விண்ணப்பித்து, ஒவ்வோர் எண்ணையும் சோதித்தறிதல் அனுப்புவோரின் கடமையாகும். உத்தரவுக்குக் காத்திருப்பவரால் அதனைச் செய்ய இயலாதன்றோ?