ஓட்டும்போதே இழுவை போகும் மின் ஸ்கூட்டர்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாகூரைத் தாண்டி வடக்கே வந்தால் காரைக்கால் துறைமுகம் இருக்கும் கீழவாஞ்சூர். லாரிகள் ஓயாத அந்தச் சாலையில் மின் ஸ்கூட்டர் திடீரென்று இழுக்காமல் போனால் முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். சாவியை அணைப்பதற்கு முன் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

எல்லாமே அணைந்துவிட்டதா? பேட்டரியிலிருந்து மின்சாரம் வரவில்லை. மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம். லித்தியம் பேட்டரி என்றால், செல் ஏதாவது மிகவும் இறங்கியதாலோ சூடேறியதாலோ, பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். எம்.சி.பி.யை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் ஷார்ட் இருக்கக்கூடும், விட்டுவிடுங்கள்.

டிஸ்ப்ளே எரிந்தும் மோட்டார் சுற்றவில்லையா? பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக் பிடிக்காமலே எரிந்தால், லீவரில் உள்ள சுவிட்ச் சிக்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறது. சைடு ஸ்டாண்டு சென்சாரும் இதையே செய்யும். இவை சரியென்றால் ஆக்சிலேட்டரையும் மோட்டாரின் ஹால் சென்சார் ஒயர்களையும் மெக்கானிக் சோதிக்க வேண்டும்.

வேகம் மெல்ல மெல்லக் குறைகிறதா? சிறிது நேரம் நிழலில் நிறுத்தியதும் சரியானால், சூட்டினால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரே சக்தியைக் குறைத்திருக்கிறது. முழுசாக முறுக்கும்போது சார்ஜ் கோடுகள் சரிந்து, விட்டதும் ஏறினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். 48 வோல்ட் லெட் ஆசிட் வண்டியில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒன்று கெட்டாலும் வண்டி படுத்துவிடும். வண்டி இழுக்கும்போது அளந்தால், மற்றவை 12 வோல்ட்டை ஒட்டி நிற்க, கெட்டது 10.5-க்கும் கீழே இறங்கும்.

ஆனால் முறுக்கும்போது கோடுகள் சரியும் இதே அறிகுறியைத் தளர்ந்த கனெக்டரும் காட்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டுச் செம்பில் களிம்பேறுகிறது. அந்த இணைப்பில் 0.05 ஓம் தடை கூடினாலே, 30 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 45 வாட் வெப்பமாகி பிளாஸ்டிக்கை உருக்குகிறது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது மட்டும் இழுவை போனால் சந்தேகம் முதலில் கனெக்டர் மேல்தான் விழ வேண்டும்.

எனவே புது பேட்டரிக்குப் பணம் கட்டுவதற்கு முன், மெயினை அணைத்துக் கனெக்டர்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனரால் துடைக்கலாம். கருகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்துவிடுவது நல்லது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

பேட்டரி உப்பியிருந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நீங்களே திறக்காதீர்கள். மெக்கானிக்கிடம் மூன்றைச் சொல்லுங்கள்: டிஸ்ப்ளே எரிந்ததா, இழுவை சட்டென்று போனதா மெல்லப் போனதா, ஆறியதும் திரும்பியதா. இந்த மூன்றும் தெரிந்தால் தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவு மிச்சம்.