புயல் வருமுன் குடியானவர்கள் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் உண்டாகும் புயல்கள் நம் கரையோரக் கிராமங்களுக்குப் பெருஞ் சேதம் விளைவிப்பதுண்டு. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில், பல வருஷம் பாடுபட்டு வளர்த்த தென்னைகள் ஓரிரவில் லக்ஷக்கணக்கில் சாய்ந்தன. காற்றைத் தடுக்க நம்மாலாகாது. எச்சரிக்கை கிடைத்தபின் எஞ்சும் ஓரிரண்டு நாட்களை வீணாக்காதிருத்தல் நம் கையிலுள்ளது.

முதல் நாள் தோப்பையும் வயலையும் கவனிக்கவும். தென்னையில் முற்றிய காய்களைப் பறித்து, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால், கொண்டையின் பாரமும் காற்றுப் பிடிப்பும் குறையும். வாழைக்கு முட்டுக் கொடுக்கவும். முற்றிய கதிரை அறுத்து மேட்டில் சேர்க்கவும். மற்ற வயல்களுக்கு வடிகால்களைத் திறந்து வைக்கவும்.

பின்னர் வீடு. பத்திரங்களையும் விதைநெல்லையும் நனையாதபடி கட்டி உயரத்தில் வைத்தல் வேண்டும். குடிதண்ணீரைச் சேமித்துக் கொள்க. கூரை வீட்டார் பொழுதிருக்கும்போதே குழந்தைகள், முதியோருடன் உறுதியான கட்டடத்திற்குச் சென்றுவிடுக. மாடுகளைத் தறியில் கட்டி வைக்கலாகாது. அவிழ்த்து மேட்டுநிலத்தில் விடுக.

காற்று பலத்தபின் தோப்புக்கோ தொழுவத்துக்கோ ஒருவரும் செல்லலாகாது. அது திடீரென ஓய்ந்தாலும் புயல் நீங்கியதென்று எண்ணற்க. புயலின் மையம் ஊர்மீது வந்திருக்கலாம். சற்றைக்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாக வீசும். இவ்வொரு செய்தியைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே கடைசி வீடுவரை அறிவித்தல் மிகவும் அவசியம்.